துருவுக்கு மேல் வெள்ளை

ஊற்று என்றால் ஊற்ற வேண்டும், நிப்பாட்டு என்றால் நிப்பாட்ட வேண்டும், இடையில் எதுவும் பேசக் கூடாது. அதற்காகத்தான் அடுப்படியில் நின்றவளை முற்றத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். தங்கபுஷ்பம் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் செம்பைச் சாய்த்தாள். காரின் பின்கதவில் தண்ணீர் வழிந்தது. அவள் புருஷன் அதிசயராஜ் கீழே குத்தவைத்து உட்கார்ந்து, தண்ணீர் வழிகிற இடத்தில் உப்புத்தாளை வைத்துத் தேய்த்தார். ஓட்டையை அடைப்பதற்காக அவர் அப்பியிருந்த பட்டி கரைந்து, பாலில் செம்மண்ணைக் கலக்கினது போல ஒரு குழம்பாக இறங்கி, சிமென்ட் தரையில் ஓடி, அவள் பாதத்தைச் சுற்றிக்கொண்டு துவைக்கிற கல்லைப் பார்த்துப் போனது. அந்தக் கறை இனிமேல் போகாது. போன வாரம் கொடியில் காய்ந்த போர்வையில் விழுந்த துருத்தூளே இன்னும் போகவில்லை. உள்ளே புளி ஊறிக் கிடக்கிறது. ஊறியது போதும், இனி அது நாறத்தான் செய்யும். நாளைக்கு விடிந்ததும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நாகர்கோவில் போய், மகள் பெனிட்டாவைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிவர வேண்டும். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல், அதற்கு அப்பளம், வற்றல், துவையல். ஒரு காரியம் தொடங்கவில்லை. மிளகாய் கிள்ளவில்லை, தேங்காய் உடைக்கவில்லை, அரிசி அளந்து வைக்கவில்லை. ஊர் உலகத்தில் பிள்ளை கூப்பிடப் போகிறவர்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி காயும். இந்த வீட்டில் தின்னர் வாடை அடிக்கிறது. முகத்தைத் துடைத்தால் முகத்தில், தலையைக் கோதினால் தலையில். நாளைக்குப் புளிச்சோற்றைத் திறந்தால் அதிலும் அடிக்கும். லீலாபாய் மைனி மூக்கைச் சுளித்துக்கொண்டு, மைனி நல்லெண்ணெய் ஊத்தலியோ, பெயிண்டு ஊத்தினியளோ என்று கேட்பாள். கேட்கக்கூடியவள்தான். இத்தனைக்கும் காரணமே அவள் வாயிலிருந்து விழுந்த ஒரு பேச்சுதானே.

கிறிஸ்துமஸ் முடிந்து சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது. கோயில் ஆராதனை முடிந்து வெயிலில் நிற்கிறாளே என்று லீலாபாயையும் காரில் ஏறச் சொன்னார் அதிசயராஜ். மருமகனுடைய அம்மா அல்லவா, பின்சீட்டில் நடுநாயகமாக உட்கார வைத்தார். அவள் செருப்பைச் சரிசெய்யக் குனிந்தாள், மிதியடி விலகியிருக்கிறது, கீழே தார் ரோடு ஓடுகிறது. தரைத்தகட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. முத்தையாபுரத்தில் உப்பளத்தை ஒட்டி உப்புக் காற்றில் நிற்கிற வண்டி, வயது முப்பதுக்கு மேல், ஓட்டை விழாமல் என்ன செய்யும். மனுஷனுக்கே எலும்பு உளுத்துப்போகிறது. லீலாபாய் கூச்சல் போடவில்லை, பதறவும் இல்லை. அதுதான் அவளிடம் உள்ள குணம். மெதுவாகக் காலைத் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டு, "கீழயும் ஒரு சன்னல் வச்சிருக்கியளே மைனி, காத்துக்கா?" என்று கேட்டாள். பெனிட்டா சிரித்தாள், மருமகன் ஜெபின் சிரித்தான், தங்கபுஷ்பத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவரின் காது மட்டும் சிவந்தது. அப்புறம் பிள்ளை உண்டாகியிருக்கிற செய்தி வந்தது, அவள் முழங்கால்போட்டு ஜெபம் பண்ணிவிட்டு எழுந்து பார்த்தால் இவர் காருக்கு அடியில் படுத்துக் கிடக்கிறார், கால் மட்டும் வெளியே தெரிகிறது. என் பேரப்பிள்ளை ஏறுகிற வண்டியில் எவளும் ஓட்டையைப் பார்க்கக் கூடாது என்றார். பட்டறைக்காரனைக் கூட்டிவந்து காட்டினார். அவன் சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டிப் பார்த்து, வெல்டிங் வைக்க இரும்பு வேணும்லா ஐயா, இது துருவுல்லா என்று சொல்லிவிட்டான். அவனுக்கு ஒரு வசவு. அவன் தலை மறைந்த பிறகு அவளுக்கு ஒரு வசவு, அவள் ஏதோ அவனுக்கு அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்த மாதிரி. அன்றைக்கிருந்து வீடு வீடாக இல்லை. தோசைத் திருப்பியை எடுத்துப் போய்ப் பட்டி அப்பினார். இன்றைக்கு வரை அவள் தோசையைக் கரண்டிக் காம்பால் நெம்பிக்கொண்டிருக்கிறாள். முறுக்கு போட்டு வைக்கிற பெரிய தகர டின்னை வெட்டி விரித்துத் தரை ஓட்டைக்கு ஒட்டுப் போட்டார். பிரசவத்துக்கு வருகிற பிள்ளைக்கு முறுக்கு சுட்டால் எதில் போட்டு வைப்பது என்று கேட்டதற்கு, பிள்ளை முதலில் வந்து சேரட்டும் என்று ஒரு பதில். வந்து சேர வேண்டாம் என்று யார் சொன்னது.

"ஊத்துட்டி," என்றார். ஊற்றினாள். கை கடுத்தது. தேய்க்கிற சத்தம் பல்லுக்குள் போய்க் கூசியது. உப்புத்தாள் என்று இதற்கு யார் பேர் வைத்தார்களோ. அதில் உப்பு இல்லை என்று அவளுக்குச் சின்னதிலேயே தெரியும். எதிர்வீட்டு ஆசாரி வெட்டி எறிந்த துண்டை எடுத்து நக்கிப் பார்த்திருக்கிறாள். உப்பாக இருக்கும் என்று நினைத்து நக்கியதில் நாக்கு நுனி தோலுரிந்து, மறுநாள் பள்ளிக்கூடத்தில் எழுந்து வாசிக்கச் சொன்ன டீச்சரிடம் வாழைப்பழம் என்று சொல்ல வராமல் நின்றாள். வகுப்பே சிரித்தது. இப்படி ஒவ்வொன்றையும் நக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் அவள் படித்த படிப்பு. அடுத்த வருஷம் அம்மா காலில் நீர் கோத்துப் படுத்துவிட்டாள், உலை வைக்க ஆள் இல்லை, ஏழாம் வகுப்போடு சரி. அதைச் சொல்லிச் சொல்லியே இவரும் முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டார். எதைப் பேசினாலும் ஏழாங்கிளாஸுக்கு இம்புட்டு வாயா என்பார், சிரித்துக்கொண்டுதான் சொல்வார், சிரித்துக்கொண்டு சொல்வதனால் பதிலும் சொல்ல முடியாது. ஆனால் பாரேன், வண்டியைத் தின்றது உப்பு, தின்ற இடத்தைத் தேய்ப்பது உப்புத்தாள், பேரிலாவது உப்பு இல்லாமல் இந்த ஊரில் ஒரு காரியம் நடக்காது. இவர் தேய்க்கிறார், அது தின்கிறது. மேலே பட்டி அப்பி வழவழவென்று ஆக்கிவிட்டால் உள்ளே தின்பதை நிறுத்திவிடுமா என்ன. பட்டறைக்காரன் அதைத்தான் சொன்னான். கதவின் அடிவிளிம்பில் கன்னம் உப்பின மாதிரி பெயிண்ட் கொப்பளித்து நின்றதை அன்றைக்கு அவர் ஸ்குரூ டிரைவரால் குத்தினார், பொலபொலவென்று அவல் மாதிரி உதிர்ந்தது, ஒரு கைப்பிடி இருக்கும். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் தோல் மட்டும் நின்றிருக்கிறது இத்தனை நாளாக. வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தானே இருந்தது என்று நினைத்தாள். நினைத்துவிட்டு உடனே மறந்தும் போனாள், ஏனென்றால் அதற்குள் அவல் எல்லாம் காற்றில் பறந்து கொடித் துணியில் ஒட்டிவிட்டது.

"நிப்பாட்டு." நிப்பாட்டினாள். அவர் உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டு, உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்து மேலிருந்து கீழாகத் தடவினார். பிறகு நாலு விரல் நுனியால் தடவினார், மாட்டுத் தரகன் துண்டுக்கு அடியில் விரல் பிடிக்கிற மாதிரி. ஒரு இடத்தில் விரல் நின்றது, அங்கே மறுபடி தாளை வைத்துத் தேய்த்தார். முகம் கதவைப் பார்க்கவில்லை. முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு தேய்க்கிறார். வேலையில் கவனம் இருந்தால்தானே என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. அவர் விரல் நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, பட்டியே படாமல், பத்துப் பைசா அகலத்தில் பழுப்பாக ஒரு துருப்பொட்டு கண்ணைப் பறிக்கிறது, அதை விட்டுவிட்டார். இவ்வளவு நாள் மாரடித்து அதை விடுகிறாரே என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் உனக்கென்ன தெரியும் என்பார். அது மேல்துரு, அதை அப்படியே விட வேண்டும், அதற்கென்று ஒரு முறை இருக்கிறது என்று ஒரு விளக்கம் வரும். துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற வின்ச் ஓட்டினவர் அல்லவா. கப்பலின் வயிற்றுக்குள் ஆள் நிற்க, மேலேயிருந்து மூட்டைக்கட்டை இறக்கி, அவன் காலடிக்கு அடுத்து நூல் பிடித்தாற்போல வைப்பாராம். கல்யாணமான புதிதில் கடற்கரைக்குக் கூட்டிப்போய்த் தூரத்தில் கடுகு மாதிரி நிற்கிற கப்பலைக் காட்டி அதன் பெயரைச் சொல்வார். அவளுக்குக் கப்பலே தெரியாது. தெரிகிறதா என்பார், தெரிகிறது என்பாள். அந்தக் கண்ணுக்கு இந்தப் பொட்டு தெரியாமலா இருக்கும். இருக்கட்டும், அவர் பாடு. அவளுக்குப் புளி கரைக்க வேண்டும்.

போகலாமா என்று கேட்டதற்கு, இரு, முன்கதவுக்குப் பெயிண்ட் அடிக்கணும், டின்னைப் பிடிக்க ஆள் வேணும் என்றார். முன்கதவு நேற்றே தேய்த்து, செங்கல் நிறத்தில் பிரைமர் அடித்துக் காய்ந்து கிடந்தது. கதவின் மேல்பாதி பழைய வெள்ளை, கீழ்ப்பாதி செங்கல். அவர் ஸ்குரூ டிரைவரால் டின் மூடியை நெம்பி, குச்சியால் கலக்கி, பிரஷ்ஷை முக்கி, விளிம்பில் வழித்து, மேல்பாதி வெள்ளையும் கீழ்ப்பாதிச் செங்கலும் சேர்கிற இடத்தில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். கை நடுங்காத இழுப்பு. தங்கபுஷ்பம் டின்னைப் பிடித்தபடி பார்த்தாள். பார்த்துவிட்டு டின்னுக்குள் பார்த்தாள். மறுபடி கதவைப் பார்த்தாள். வெள்ளைக்குப் பக்கத்தில் அது வெள்ளை இல்லை. சந்தனம். பருத்திப்பாலில் வெல்லம் போட்டுக் கலக்கினால் ஒரு நிறம் வருமே, அது. பழைய வெள்ளை மேலே பளீரென்று நிற்கிறது, கீழே இது, சட்டையும் வேட்டியும் வேறு வேறு கடையில் எடுத்த மாதிரி. அவர் அடுத்த இழுப்பு இழுத்தார். தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்து, ம், என்று திருப்தியாக ஒரு சத்தம் போட்டுக்கொண்டார். ஈரமாக இருக்கிறது, காய்ந்தால் வெளுக்கும் என்று நினைத்தாள். சுண்ணாம்பு அப்படித்தானே, அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, காயக் காய வெள்ளை ஏறும். ஆனால் இது சுண்ணாம்பு இல்லை. வெயில் சாய்ந்துவிட்டது, மஞ்சள் வெயில், அதனால் இருக்கும். அப்படியானால் மேல்பாதியும் அல்லவா மஞ்சளாகத் தெரிய வேண்டும். கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டானோ. கடைக்காரனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைத்ததும் ஒரு நிமிஷம் நிம்மதியாகக் கூட இருந்தது, கோபப்பட ஒரு ஆள் கிடைத்த நிம்மதி. அதுவும் நிற்கவில்லை. கடைக்கு அவளும்தான் போனாள். அவளை வெளியில் நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு இவர் காரின் பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கடைக்காரன் வண்ண அட்டையை விரித்து வைத்தான். இவர் மூடியை ஒவ்வொரு கட்டத்தின் மேலும் வைத்துப் பார்த்தார், வாசல் வெளிச்சத்துக்கு வந்து நின்று பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். கடைக்காரன் எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான், இவர் கையைக் காட்டி அடக்கினார். எனக்குச் சொல்லாத தம்பி, இதுதான், அப்படியே இருக்கு என்றார். அவன் தோளைக் குலுக்கிவிட்டு டின்னை எடுத்து வைத்தான். இப்போது நினைத்தால் அவன் சிரித்தானோ என்று கூடத் தோன்றுகிறது. மூடி வெள்ளை, அட்டையில் தொட்டுக் காட்டினது சந்தனம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே இருக்கு என்றால்.

டின் கையில் கனத்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என்றால் என்ன. ஒன்றுமில்லை, வயதாகிறது, அவசரம். அவசரக்காரர்தான், ஆனால் வண்டி விஷயத்தில் அவசரப்பட்டதே கிடையாதே. அந்த நினைப்பை அவள் தள்ளிவிட்டாள், அது கொடியில் போட்ட துணி காற்றில் திரும்பி வந்து முகத்தில் அடிக்கிற மாதிரி வந்து அடித்தது. கோயிலில் பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு பாடுகிறார். எல்லாம் மனப்பாடம் என்று காட்டிக்கொள்கிற பெருமை என்று நினைத்துப் பக்கத்திலிருந்து இடித்தாள். புதுப்பாட்டு வந்தபோது வாயை மட்டும் அசைத்தார். டீ ஆற்றிக் கொடுத்தால் டம்ளரை மேசை விளிம்பில் வைத்துக் கொட்டிவிடுகிறார், மூன்று முறை துடைத்தாள், மூன்று முறையும் திட்டினாள். பஸ் ஸ்டாண்டில் எந்த ஊர் போட்டிருக்கு பாரு, எனக்குக் கழுத்து வலிக்கு என்றார். கழுத்து வலிக்கு அவள் நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுத்தாள். சும்மா காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியாக நாகர்கோவிலிலிருந்து திரும்பியது, இருட்டிவிட்டது, எதிரே உப்பு லாரிகள் வரிசையாக வருகின்றன. எதிர வார லைட்டுக்கெல்லாம் தாடி முளைச்சிருக்குட்டி என்றார். வேடிக்கை பேசுகிறார் என்று அவள் சிரித்தாள். தாடியை வழிச்சு விடுங்க என்றுகூடச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் வேகத்தடையில் வண்டி எகிறி, கூரையில் தலை இடித்து, பின்சீட்டில் இருந்த மாம்பழக்கூடை கவிழ்ந்தது. ரோடு போட்டவனைத் திட்டினாள். தடையில் வெள்ளைக்கோடு பளிச்சென்று இருந்ததை அவளே பார்த்தாள், பார்த்துக்கொண்டே ரோடு போட்டவனைத் திட்டினாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திட்டியிருக்கிறாள். சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் நேரமில்லை, புளி கரைக்க வேண்டும், துணி எடுக்க வேண்டும், அடுப்பில் பால் பொங்கும்.

அவருக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. தெரியாத மனுஷனா முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு விரலால் துருவைத் தேடுவார். தெரிந்துதான் ஆளை டின் பிடிக்கக் கூப்பிடுகிறார், ஆளை வைத்துக்கொண்டே ஒளிக்கிறார். டாக்டரிடம் போகலாமே. ஊரில் கண்ணாஸ்பத்திரி இல்லையா, கண்ணில் திரை விழுந்து எடுத்துக்கொண்டு வந்து பேப்பர் படிக்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இல்லையா. போகமாட்டார். அவரோடு வின்ச் ஓட்டின ஒருத்தருக்குக் கண் சோதித்தார்கள், சோதித்த மறுநாளே இறக்கிவிட்டுக் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். வருகிற லாரிக்குக் கயிறு தூக்குகிற வேலை. அந்த ஆளைத் தாண்டி இவர் தினமும் வேலைக்குப் போனார். ஒருநாளும் அந்த ஆளைப் பற்றிப் பேசமாட்டார். கண்ணைச் சோதிப்பது என்றால் இவருக்கு ஸ்டூல். சரி, இருக்கட்டும், அது அவர் கண், அவர் ஸ்டூல். நாளைக்கு? நாளைக்குத் திரும்பும்போதும் இருட்டிவிடும், அந்த ரோடு. அதே லாரி. பின்சீட்டில் பெனிட்டா, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, காலைத் தூக்கி முறுக்கு டின் தகரத்தின் மேல் வைத்துக்கொண்டு, அப்பா என்ன அழகா செஞ்சிருக்காவ என்று சொல்லிக்கொண்டு வருவாள். எதிரே ஒரு லாரி விளக்கைப் போடும். வேகத்தடை வரும். பிடித்திருந்த டின் சாய்ந்து புறங்கையில் சந்தனம் வழிந்தது. என்னட்டி, ஒழுங்காப் பிடி என்றார். எப்படித் தெரிந்தது அவருக்கு, சத்தத்திலா.

ஏதாவது செய்ய வேண்டும். சாவியை ஒளித்து வைக்கலாம், அரிசிப் பானைக்குள். வீட்டைக் கவிழ்த்துத் தேடுவார், அவளைத்தான் முதலில் கேட்பார். டயரில் ஆணி ஏற்றலாம், ஸ்டெப்னி இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டே மாற்றிவிடுவார், அதில் சந்தேகமில்லை. தலைசுற்றுகிறது, நெஞ்சை அடைக்கிறது என்று படுத்துக்கொள்ளலாம். அப்போதும் நீ படு, நான் போய்ப் பிள்ளையைக் கூட்டிட்டு வாரேன் என்று தனியாகக் கிளம்பிவிடுவார். அது இன்னும் கேடு. எல்லாவற்றையும்விடச் சுலபம், லீலாபாய் மைனிக்கு போன் போட்டு, பெயிண்ட் காயவில்லை, வண்டியை எடுக்க முடியாது என்று சொல்லிவிடுவது. நம்புவாள். நம்பி, ஒரு மாதிரி இழுத்து, அந்தச் சன்னலை மூடத்தானே மைனி இத்தனை மாசம் என்று கேட்பாள். கேட்டுவிட்டுப் போகட்டும். முப்பது வருஷமாக இந்த மனுஷனை இப்படிச் சுற்றுவழியில்தான் ஓட்டிக்கொண்டு வருகிறாள். நேராகச் சொன்னால் ஏழாங்கிளாஸ். சுற்றிச் சொன்னால் அவரே நினைத்ததாக நினைத்துக்கொள்வார், காரியம் நடந்துவிடும். ஆனால் நாளைக்குப் பெயிண்ட் காயவில்லை, அதற்கடுத்த நாள் காய்ந்துவிடுமே. பிள்ளை பிறக்கும். ஆஸ்பத்திரிக்கு என்று ஒரு நாள் சாவியை எடுப்பார். தடுப்பூசிக்கு எடுப்பார். ஞானஸ்நானத்துக்கு எடுப்பார். ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு ஆணியைத் தேடிக்கொண்டு ஓட முடியுமா.

கதவு முடிந்துவிட்டது. அவர் பிரஷ்ஷை டின் விளிம்பில் குறுக்காக வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாலடி பின்னால் போய் நின்றார். வேட்டியெல்லாம் துரு. தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். கதவைப் பார்த்து முடித்தவர் அவள் பக்கமாகத் திரும்பினார், சரியாக அவளைப் பார்க்காமல், அவள் தோளுக்குக் கொஞ்சம் மேலே பார்த்தார்.

"ஏட்டி, கலர் சேந்திருக்கா?"

கேட்டாரா. இவரா. சேலை எடுத்தாலும் சுவருக்கு வண்ணம் அடித்தாலும் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாலும், முடிவு செய்துவிட்டு வந்து சொல்கிற மனுஷன். சேர்ந்திருக்கு என்று சொல்லி முடித்துவிடலாம். அந்த ஒரு சொல்லில் முகம் மலர்ந்துவிடும், அந்தி வெளிச்சத்தில் பத்து வயது குறைந்துவிடும், சாயந்திரம் முழுக்க நல்ல மனுஷனாக இருப்பார், தேங்காய்கூட உடைத்துத் தருவார். விடிந்ததும் சாவியை எடுப்பார். கடற்கரையில் கப்பல் தெரிகிறதா என்று கேட்டபோது தெரிகிறது என்று சொன்ன மாதிரி, அது ஒன்றும் அவளுக்குப் புதிது இல்லை. வாய் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் கண் முன்னால் அந்தப் பழைய பின்கதவு விளிம்பு, அவல் மாதிரி உதிர்ந்து, உள்ளே ஒன்றுமில்லாமல்.

"இல்ல," என்றாள். குரல் சண்டைக்குப் போகிற மாதிரி வந்தது, வேறு மாதிரி அவளுக்குப் பேசத் தெரியவில்லை. "மேல வெள்ளை. கீழ சந்தனம். தெருவுல போறவனுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியலியா?"

ஏழாங்கிளாஸ் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கதவுக்குப் பக்கத்தில் போனார், குனிந்தார், மூக்கு தொடுகிற அளவுக்குப் போனார், ஈரப் பெயிண்ட் மீசையில் ஒட்டியிருக்கும். அங்கேயிருந்து அப்படியே மேலே போனார், வெள்ளைக்கு. மறுபடி கீழே வந்தார். நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி. பார்க்கச் சகிக்கவில்லை, போதும் எழுந்திருங்க என்று கத்த வேண்டும்போல இருந்தது. அப்புறம் காருக்கு முதுகைச் சாய்த்துத் தரையிலேயே, அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு ரெண்டும் வெள்ளையாத்தாம் இருக்கு," என்றார்.

அந்தச் சேறு இனி அந்த வேட்டியை விட்டுப் போகாது என்று அவளுக்குத் தோன்றியது. அது ஏன் அப்போது தோன்ற வேண்டும், தெரியவில்லை. எவ்வளவு நாளாக என்று கேட்கவில்லை. கேட்டால் அவர் ஒரு கணக்குச் சொல்வார், அந்தக் கணக்குக்குள் எத்தனை தடவை அவரோடு ரோட்டில் போனோம் என்று இவள் எண்ண ஆரம்பித்துவிடுவாள். டின்னைக் கீழே வைத்தாள். மூடியைத் தேடி எடுத்து அதன் மேல் வைத்து, காலால் மிதித்து அழுத்தினாள். பெயிண்ட் ஆடை கட்டிவிடக் கூடாது, சந்தனமோ வெள்ளையோ காசு கொடுத்து வாங்கினது. எல்லாம் செய்தபிறகும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் காலையில பஸ்ஸில போறேன், கட்டுச்சோத்தை நான் கொண்டு போறேன், ஜெபின் அவன் வண்டியில பிள்ளையைக் கொண்டுவந்து விடட்டும், திங்கள்கிழமை கண்ணாஸ்பத்திரிக்கு நீங்க என்கூட வாரிய என்று அவள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள், கேள்வியாகச் சொல்லவில்லை. பெற்றவர்கள் போய்க் கூட்டிவராமல் மாப்பிள்ளை கொண்டுவந்து விட்டால் அங்கே என்ன பேசுவார்கள் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர் மடியிலிருந்து சாவியை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, பக்கத்தில் தரையில் வைத்தார், அவள் பக்கமாக நகர்த்தவில்லை, தன் பக்கத்திலும் வைத்துக்கொள்ளவில்லை. அவள் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

உள்ளே போய் மண்ணெண்ணெயில் கையைத் துடைத்தாள். புறங்கைச் சந்தனம் பாதிதான் போனது. புளி கரைந்து சட்டியின் அடியில் சேறாகக் கிடந்தது. பார்த்துக்கொண்டே செல்போனை எடுத்து லீலாபாய் மைனியின் எண்ணை அழுத்தினாள். பெயிண்ட் காயலைன்னு சொல்லிருவோம், அது போதும், மனுஷனுடைய கண்ணைப் போய்ச் சம்பந்தி வீட்டில் கடை பரப்ப வேண்டாம், அந்த மட்டுக்கும் அவருக்கு மரியாதை இருக்கட்டும் என்று முடிவு செய்திருந்தாள். மணி அடித்துக்கொண்டிருந்தது. மணி அடிக்கிற சத்தம் முற்றத்துக்குக் கேட்டிருக்க வேண்டும். சேற்றிலிருந்து எழுந்து வந்து அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், வேட்டியிலிருந்து சிவப்பாகச் சொட்டியது.

"வண்டி சரியில்லன்னு மட்டும் சொல்லிராத புஷ்பம்," என்றார். "கண்ணுன்னு சொல்லு."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இந்த மனுஷனை என்ன செய்வது. அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள், சொல்லுங்க மைனி என்றது குரல்.

"மைனி, வண்டியெல்லாம் நல்லாத்தாம் இருக்கு," என்று தொடங்கினாள் தங்கபுஷ்பம்.